மோட்கேஜை முன்கூட்டியே அடைக்க நினைக்கும் தம்பிக்கு

தம்பி, கனடாவின் ஸ்காபரோவில் வாங்கிய வீட்டின் மோட்கேஜை, அதாவது வீட்டை ஈடாக வைத்து வாங்கிய கடனை, கையிலுள்ள சேமிப்பு முழுவதையும் போட்டு முன்கூட்டியே அடைத்தால், பிறகு இன்னொரு கடன் கேட்கும்போது பாதிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொத்து வரி, காப்புறுதி பற்றிய கேள்விகளுக்கு உங்கள் காப்புறுதி முகவரும் நகரசபையும் பதில் சொல்வார்கள். கடன் விஷயத்தைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கிரெடிட் ஸ்கோரை எண்ணிப் பயப்பட வேண்டாம். ஒழுங்காகக் கட்டி முடித்த கணக்கு, கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் நிறுவனங்களின் அறிக்கைகளில் நல்ல கணக்காகவே சில வருடங்கள் நிற்கும். ஸ்கோர் சற்று இறங்கினாலும் கடன் அட்டையைத் தவணை தவறாமல் கட்டிவந்தால் போதும்.

கவனிக்க வேண்டியது வேறு. சுவருக்குள் போன பணத்தை மீண்டும் வெளியே எடுப்பதற்கு வங்கியின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதம் வீட்டின் விலையை மட்டுமல்ல, உங்கள் வருமானத்தையும் பார்த்தே கிடைக்கும். என் அத்தான் மோட்கேஜை முழுவதுமாகக் கட்டி முடித்து, வங்கி தந்த கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையிட்டுச் சாமியறைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். 2008-இல் அவர் வேலை செய்த கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை மூடப்பட்டபோது, அந்த வீட்டை வைத்தே சிறு தொகை கேட்டு ஒரு வங்கிக்குப் போனார். அங்கே கேட்டது கடைசி இரண்டு மாதச் சம்பளத் துண்டை. கடனில்லாத வீட்டுக்குச் சொந்தக்காரர் வெறுங்கையோடு திரும்பினார்.

எங்கள் மூத்தவர்கள் கடனை முதலில் அடை என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. 1990-ஐ ஒட்டி நாங்கள் பேஸ்மென்டில் குளிரோடு வாழ்ந்த காலத்தில் வட்டி 13 சதவீதத்தைத் தாண்டி நின்றது. ஒவ்வொரு டாலரும் உடனே அசலுக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டு வேலை செய்து அதைக் கட்டினோம் என்பதில் எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் அந்தக் காலத்து அறிவுரையைக் கணக்குப் பாராமல் விருந்துகளில் சொல்லித் திரிகிறவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு. வீட்டின் மேல் கடனெடுத்துக் கட்டி முடியாத காண்டோக்களில் (அடுக்குமாடி வீடுகளில்) போட்டுவிட்டு, 2022-இல் வட்டி ஏறத் தொடங்கியபின் தவிக்கிறவர்கள் சொல்லும் ஆலோசனையும் வேண்டாம்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. அசலில் ஒரு பகுதியை முன்கூட்டிக் கட்டினால் கடன் முடியும் காலம்தான் குறையும். மாதத் தவணை பொதுவாக அப்படியே இருக்கும். அடுத்த கடனுக்கு வங்கி கணக்கிடுவதோ, வருமானத்தில் எத்தனை சதவீதம் தவணைகளுக்குப் போகிறது என்பதை. ஆகவே பாதியை அடைத்துவிட்டு இரண்டாவது வீட்டுக்குப் போனால் அந்தக் கணக்கில் பெரிய மாற்றம் இராது. முழுவதும் அடைத்தாலோ, மோட்கேஜ் ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்கும்போது தவணையைக் குறைத்தாலோதான் இடம் கிடைக்கும். அப்போதும் நீங்கள் கட்டப்போகும் வட்டியோடு 2 சதவீதத்தைக் கூட்டியோ, 5.25 சதவீதத்திலோ, எது அதிகமோ அந்த வட்டியில் உங்களால் கட்ட முடியுமா என்று சோதிப்பார்கள். முன்பணமாகக் காட்டும் தொகைக்கு 90 நாள் வங்கிக் கணக்கும் கேட்பார்கள். சீட்டில் எடுத்த காசு திடீரென்று கணக்கில் வந்தால் எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டிவரும்.

ஆதலால் இருவருக்கும் நிலையான சம்பளம் இருக்கும் இப்போதே வீட்டின்மேல் ஒரு கடன் வரம்பை எழுதி வாங்கி, எடுக்காமல் வைத்திருங்கள். எடுத்து எடுத்துக் கட்டும் இந்த வகை வீட்டு விலையில் 65 சதவீதம் வரையும், மோட்கேஜோடு சேர்த்தால் 80 சதவீதம் வரையும் போகலாம். எடுக்காத பணத்துக்கு வட்டி இல்லை. ஆறு மாதச் செலவுக்கான காசை வெளியே வைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் கட்டுங்கள்.

கட்டும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். மூடிய மோட்கேஜில், அதாவது விருப்பப்படி முன்கூட்டி அடைக்க முடியாத வகையில், கடன் தொகையில் வருடத்துக்கு 10 முதல் 20 சதவீதம் வரைதான் அபராதமின்றிக் கட்ட விடுவார்கள். அதற்கு மேல் போனால் மூன்று மாத வட்டி, நிலையான வட்டியென்றால் உங்கள் வட்டிக்கும் இன்றைய வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துக் கணக்கிடும், அதைவிடப் பெரிய தொகைகூட அபராதமாக வரும். 4,00,000 டாலருக்கு 5 சதவீதத்தில் மூன்று மாத வட்டியே 5,000 டாலர். அந்தத் தொகையை வங்கியிடம் எழுத்தில் வாங்கிப் பாருங்கள். புதுப்பிக்கும் நாள் கிட்டத்தில் இருந்தால் அதுவரை காத்திருந்து, அபராதம் இல்லாமல் கட்டுங்கள்.