அமெரிக்காவில் பள்ளிக்கூடத் துப்பாக்கிச் சூடுகளுக்குப் பிறகும் சட்டம் ஏன் கடுமையாவதில்லை?

மக்கள் கேட்காததால் அல்ல. 2012 டிசம்பரில் கனெடிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஏப்ரலில் நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்கு வந்தது மிகச் சாதாரணமான ஒரு திருத்தம். கண்காட்சியிலும் இணையத்திலும் துப்பாக்கி வாங்குகிறவருடைய குற்றப் பின்னணியையும் சோதிக்க வேண்டும், அவ்வளவுதான். கருத்துக்கணிப்புகளில் பத்தில் ஒன்பது பேர் இதை ஆதரித்தார்கள். 54 ஓட்டு கிடைத்தும், 60 வேண்டும் என்ற செனட் விதியால் தோற்றது. எதிர்த்து ஓட்டுப் போட்ட 46 பேரில் 41 பேர் குடியரசுக் கட்சியினர்.

தேர்தல் பணம் ஒரு காரணம். 2016இல் டிரம்பை ஜெயிக்க வைக்க என்.ஆர்.ஏ. எனப்படும் தேசிய ரைபிள் சங்கம் 3 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. ஆனால் என் பார்வையில், வெளியில் அதிகம் தெரியாத சில சட்டங்கள்தான் அதைவிடப் பெரிய கேட்டைச் செய்திருக்கின்றன.

பழமைவாதிகள் எப்போதும் சொல்வது, "புதுச் சட்டம் வேண்டாம், இருப்பதை ஒழுங்காக அமல்படுத்துங்கள்" என்பது. சரி, எப்படி அமல்படுத்துவது? கொலைக்களத்தில் கிடைத்த துப்பாக்கி யாருக்கு விற்கப்பட்டது என்று கண்டுபிடிக்கும் மத்திய அலுவலகம் மேற்கு வர்ஜீனியாவில் இருக்கிறது. கடையை மூடிய வியாபாரிகளின் விற்பனைப் பதிவேடுகள் அங்கே மலைபோல் வந்து சேர்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்து வைக்கலாம், ஆனால் பெயரைத் தட்டித் தேடும் வசதி இருக்கக் கூடாது. உரிமையாளர் பட்டியல் உருவாகிவிடக் கூடாதென்று சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். ஊழியர்கள் பக்கம் பக்கமாகப் பார்க்கிறார்கள். கண்ணைக் கட்டிவிட்டுக் கண்காணிக்கச் சொல்வது நேர்மையான வாதமா?

ஆராய்ச்சியிலும் இதே கதைதான். துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரித்துப் பேச அரசுப் பணத்தைச் செலவிடக் கூடாது என்ற டிக்கி திருத்தம் 1996இல் வந்தபோது, சி.டி.சி. என்ற நோய்த்தடுப்பு மையம் துப்பாக்கிக் காயங்களை ஆராயச் செலவிட்ட அதே 26 லட்சம் டாலரை அதன் நிதியிலிருந்து கத்தரித்தார்கள். ஆராய்ச்சி கிட்டத்தட்ட நின்றே போனது. மறுபடி பணம் ஒதுக்கப்பட்டது 2019 டிசம்பரில். திருத்தத்தைக் கொண்டுவந்த ஜே டிக்கியே பின்னாளில் ஆராய்ச்சி வேண்டும் என்று எழுதினார். இடையில் போன இருபது வருடங்களை யார் திருப்பித் தருவது? 2020இல் அமெரிக்கச் சிறுவர்கள், பதின்பருவத்தினர் மரணங்களுக்கு முதல் காரணமாகத் துப்பாக்கி ஆகிவிட்டது, சாலை விபத்துகளைத் தாண்டி.

எனக்கு அதிகம் கோபம் வருவது 2005 சட்டத்தின் மேல். நகராட்சிகள் பல, துப்பாக்கி நிறுவனங்கள்மேல் வரிசையாக வழக்குப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. தங்கள் துப்பாக்கியால் மற்றவர் செய்யும் குற்றத்துக்காகத் தயாரிப்பாளர்கள்மேல் பெரும்பாலும் வழக்கே தொடர முடியாதபடி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் இயற்றியது, அன்றைய அதிபர் புஷ் கையெழுத்திட்டார். இந்த அளவு பாதுகாப்பு கார் கம்பெனிக்கோ மருந்துக் கம்பெனிக்கோ கிடையாது. சாண்டி ஹூக் பெற்றோர் ரெமிங்டன் நிறுவனத்தை, அது விளம்பரம் செய்த விதத்தை வைத்து, மாநிலச் சட்டத்தில் இருந்த ஒரு சிறிய சந்து வழியாகத்தான் பிடிக்க முடிந்தது. 2022இல் 7.3 கோடி டாலர் இழப்பீடு கிடைத்தது. அந்த நிறுவனம் அதற்குள் திவாலாகியிருந்தது, பணம் கொடுத்தவை காப்பீட்டு நிறுவனங்கள்.

என் பிள்ளை படிக்கும் பள்ளியிலும், துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் ஒளிந்துகொள்ளும் ஒத்திகை உண்டு. விளக்கை அணைத்து, சத்தமில்லாமல் மூலையில் உட்காரப் பழக்குகிறார்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு இந்தப் பொறுப்பு உண்டு, விற்றவனுக்கு இல்லை.

2022இல் டெக்சாஸ் யுவால்டி படுகொலைக்குப் பிறகு ஜனநாயகக் கட்சியினரோடு 15 குடியரசுக் கட்சி செனட்டர்களும் சேர்ந்து ஒரு மிதமான சட்டத்தை நிறைவேற்றினார்கள். அது நல்லதுதான். ஆனால் 2005 சட்டத்தை அதுவும் தொடவில்லை. 2025 ஜூனில் துப்பாக்கி நிறுவனங்கள்மேல் மெக்சிகோ அரசு தொடுத்த வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக நிராகரித்தது அந்தச் சட்டத்தின்படிதான். தீர்ப்பை எழுதியவர் தாராளவாத நீதிபதி எலீனா கேகன். நீதிமன்றத்தால் இனி ஆவது குறைவு, காங்கிரஸ்தான் அதை நீக்க வேண்டும். வேட்பாளர்களிடம் நான் முதலில் கேட்கச் சொல்வதும் அதைத்தான்.