வீட்டுச் சர்வருக்கு எந்த வன்பொருள்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

படம் பார்ப்பதற்கும் மெய்நிகர் கணினிகளை (ஒரே கணினிக்குள் மென்பொருளாகத் தனித்தனியே ஓடும் கணினிகள்) ஓட்டுவதற்கும் ஒரே பெட்டியை வீட்டில் வைத்துக்கொள்வது பற்றித்தான் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேட்கின்றன. பதில்களுக்கு முன் வழக்கமான வேண்டுகோள் ஒன்று உண்டு. ஒரே சமயத்தில் எத்தனை பேர் பார்ப்பார்கள், எத்தனை மெய்நிகர் கணினிகள் ஓடும், எத்தனை டெராபைட் தேவை ஆகிய மூன்றையும், வாங்க நினைக்கும் பொருளின் முழு மாடல் எண்ணையும் எழுதுங்கள். இவை இல்லாத கடிதத்துக்கு ஊகத்தைத்தான் பதிலாகத் தர முடியும்.

கேள்வி: எந்த ப்ராசஸர் நல்லது, இன்டெலா ஏஎம்டியா?

இந்த ஒரு வரிதான் கடிதம் முழுவதும். எந்த வேலைக்கு என்று எழுதாததால் நானே இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். வீடியோவை டிரான்ஸ்கோடிங் (பார்க்கும் கருவிக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றுவது) செய்ய வேண்டியிருந்தால் இன்டெல் பக்கம் போங்கள். அதன் உள்ளமைந்த கிராஃபிக்ஸில் இருக்கும் குவிக் சிங்க் என்ற வீடியோ மாற்றும் பகுதி, சில வாட் மின்சாரத்திலேயே பல 4கே வீடியோ ஓடைகளை (ஸ்ட்ரீம்) மாற்றிக் கொடுத்துவிடும். 10 பிட் ஹெச்இவிசி (4கே படங்களில் வழங்கும் சுருக்க வடிவம்) மட்டும் போதுமென்றால் 7ஆம் தலைமுறையே தாங்கும். ஏவி1 என்ற புதிய வடிவக் கோப்புகளையும் திறக்க வேண்டுமானால் 11ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து உள்ள இன்டெல் ப்ராசஸர்களில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது என்பதால், விலை குறைவு என்று அதை வாங்கினால் குவிக் சிங்க்கும் கிடைக்காது. டிரான்ஸ்கோடிங்கே வேண்டாம், மெய்நிகர் கணினிகள்தான் அதிகம் என்றால் ஏஎம்டியின் 8 கோர் ரைசன் நல்ல தேர்வு. படங்களைப் பரிமாறும் மென்பொருள்களில், ப்ளெக்ஸில் வன்பொருள் டிரான்ஸ்கோடிங்குக்குக் கட்டணச் சந்தா தேவை, ஜெல்லிஃபினில் தேவையில்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்100 ப்ராசஸர் உள்ள சிறு கணினி போதுமா? மூன்று பேர் பார்ப்போம். ஐந்தாறு கன்டெய்னர்கள் (தனித்தனியாக அடைத்து ஓட்டும் மென்பொருள்கள்) ஓடும்.

கேட்க வேண்டிய முறையில் கேட்ட கடிதம் இது. தாராளமாகப் போதும். நான்கு கோர், 6 வாட் வகுப்பு, புதிய குவிக் சிங்க் என்று இந்த வேலைக்கு அளவெடுத்ததுபோல் இருக்கிறது. மூன்று குறைகளைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். நினைவகத்துக்கு ஒரே ஒரு சேனல்தான். இன்டெலின் அதிகாரபூர்வக் கணக்குப்படி 16 ஜிபிதான் உச்சம். கார்டுகளும் எஸ்எஸ்டியும் இணையும் பிசிஐஇ பாதைகள் மொத்தமே 9. ஆகவே பின்னாளில் ஆறு ஹார்ட் டிஸ்க்கும் 10 கிகாபிட் கார்டும் சேர்க்க நினைப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல. ஹார்ட் டிஸ்க்குகளை யுஎஸ்பி பெட்டியில் வைத்து அவற்றின்மேல் ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் தரவு தப்பும்படி அமைப்பது) கட்டுவதும் வேண்டாம். யுஎஸ்பி இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும் டிஸ்க் பழுதாகிவிட்டது என்று ரெய்டு முடிவு கட்டிவிடும்.

கேள்வி: அலுவலகத்தில் கழித்துப்போட்ட ரேக் சர்வர் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டு ஜியான் இ5 ப்ராசஸர், 128 ஜிபி நினைவகம். எடுத்துக்கொள்ளலாமா?

இலவசமாகக் கிடைப்பது பெட்டி மட்டும்தான். ஒரு வாட் ஆண்டு முழுதும் ஓடினால் ஏறத்தாழ 9 யூனிட் மின்சாரம். இத்தகைய சர்வர் சும்மா இருக்கும்போதே 150 வாட் இழுக்கும். அதாவது ஆண்டுக்கு 1300 யூனிட்டுக்கு மேல். மேலே சொன்ன என்100 பெட்டி, ஹார்ட் டிஸ்க்குகளைக் கணக்கில் சேர்க்காமல், 10 வாட்டைச் சுற்றி நிற்கும். ஜியான் இ5 வரிசையில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லாததால் டிரான்ஸ்கோடிங்குக்குத் தனி கார்டும் போட்டாக வேண்டும். ரேக்கில் ஒரு தட்டு அளவே (1யு) உயரமுள்ள பெட்டியானால் அதன் 40 மில்லிமீட்டர் விசிறிகளின் இரைச்சல் அடுத்த அறையிலும் கேட்கும். பத்துக்கு மேற்பட்ட மெய்நிகர் கணினிகளை வைத்துப் பயிற்சி செய்வதே நோக்கமென்றால், தேவையானபோது மட்டும் இயக்கி அணைத்துவிடலாம். படம் பார்ப்பதற்காக இரவும் பகலும் ஓடவிட அது தகாது.

கேள்வி: இரண்டு 4 டிபி ஹார்ட் டிஸ்க்குகள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. புதிதாக ஒன்றைச் சேர்த்து இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையில் ரெய்டு கட்டினேன். ஒரு டிஸ்க் போனதும் மாற்று டிஸ்க் போட்டேன். அதில் தரவை மீண்டும் எழுதும் மறுகட்டமைப்பு மூன்று நாளாக நகரவில்லை, பிறகு புதிய டிஸ்க்கே பழுது என்று காட்டுகிறது. கடையில் கேட்டால் டிஸ்க்கில் குறையில்லை என்கிறார்கள்.

மாடல் எண்ணை எழுதவில்லை. ஆனாலும் எஸ்எம்ஆர் வகை (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும்) டிஸ்க்காகத்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். கடைக்காரர் சொன்னதும் உண்மையே. டிஸ்க் கெட்டுப்போகவில்லை, இந்த வேலைக்கு அது ஆகாது, அவ்வளவுதான்.

வழக்கமான சிஎம்ஆர் வகை டிஸ்க்கில் தரவு எழுதும் தடங்கள் பக்கத்தில் பக்கத்தில் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில், கூரை ஓட்டை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி வேய்வதுபோல், ஒரு தடத்தின் ஓரத்தை அடுத்த தடம் மூடிக்கொண்டிருக்கும். அதே தட்டில் கூடுதல் கொள்ளளவு கிடைப்பது இதனால்தான். படிப்பதில் வித்தியாசம் தெரியாது. நடுவில் ஒரு தடத்தைத் திருத்தி எழுத வேண்டுமென்றால், அதன்மேல் ஏறியிருக்கும் தடங்களையும் சேர்த்துப் பட்டை முழுவதையும் படித்து மீண்டும் எழுதியாக வேண்டும். இந்தத் தாமதத்தை மறைப்பதற்காக டிஸ்க்குக்குள்ளேயே சில பத்து ஜிபி அளவுக்கு வழக்கமான முறையில் எழுதும் பகுதி ஒன்றை ஒதுக்கிவைத்து, புதிதாக வருவதை முதலில் அங்கே போட்டு, ஓய்வு நேரத்தில் இடம் மாற்றுவார்கள். கடையில் பத்து நிமிடம் சோதித்தால் எல்லாம் சரியாக இருப்பதன் காரணம் இதுவே. ரெய்டு மறுகட்டமைப்போ டிஸ்க்குக்கு ஓய்வே தராமல் எழுதிக்கொண்டே இருக்கும். ஒதுக்கிய பகுதி நிரம்பியதும் வேகம் சரிகிறது, டிஸ்க் பல நொடிகள் பதில் தராமல் நிற்கிறது, இசட்எஃப்எஸ் பொறுத்துப் பார்த்துவிட்டு அதைப் பழுதானதாகக் குறித்து வெளியேற்றுகிறது. நல்ல 4 டிபி சிஎம்ஆர் டிஸ்க் 7, 8 மணி நேரத்தில் முடிக்கும் வேலை நாள்கணக்கில் இழுப்பது இப்படித்தான்.

எஸ்எம்ஆர் என்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விற்பதுதான் பல ஆண்டுகளாக எனக்குள்ள ஆத்திரம். 2020 ஏப்ரலில், வீட்டு ரெய்டு பெட்டிகளுக்கென்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையின் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று, வாங்கியவர்கள் கண்டுபிடித்த பிறகே அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதன் பின்னரே சீகேட், தோஷிபா உட்பட மூன்று நிறுவனங்களும் எந்த மாடல் எந்த வகை என்ற பட்டியலை வெளியிட்டன. அதே ஆண்டில் வெஸ்டர்ன் டிஜிட்டல் சிஎம்ஆர் டிஸ்க்குகளை 'ரெட் பிளஸ்' என்று தனியாகப் பெயரிட்டது. வெறும் 'ரெட்' என்ற பெயர் எஸ்எம்ஆர் பக்கம் நின்றது. வேறுபாடு எவ்வளவு நுண்ணியது என்று பாருங்கள். 4 டிபி ரெட்டில் மாடல் எண் 'இஎஃப்ஆர்எக்ஸ்' என்று முடிந்தால் சிஎம்ஆர், 'இஎஃப்ஏஎக்ஸ்' என்று முடிந்தால் எஸ்எம்ஆர். ஓர் எழுத்துதான். அதிலும் வேடிக்கை, எஸ்எம்ஆரில் 256 எம்பி கேஷ் (தற்காலிக நினைவகம்), பழைய சிஎம்ஆரில் 64 எம்பி. கேஷ் கூடுதல் என்று மகிழ்ந்து வாங்கியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

எனவே அட்டைப்பெட்டியின் நிறத்தையோ வரிசையின் பெயரையோ நம்பாமல், டிஸ்க்கின் மேல் ஒட்டியுள்ள சீட்டில் உள்ள மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். சீகேட்டின் ஐயன்வுல்ஃப் வரிசை முழுவதும் சிஎம்ஆர். அதே நிறுவனத்தின் பாராகுடா வரிசையில் 3.5 அங்குல டிஸ்க்குகளில் பெரும்பகுதி எஸ்எம்ஆர். சில எஸ்எம்ஆர் டிஸ்க்குகள், எஸ்எஸ்டியைப் போல் 'டிரிம்' கட்டளையை (எந்தத் தரவு இனித் தேவையில்லை என்று டிஸ்க்குக்குச் சொல்வது) ஏற்பதாகத் தெரிவிக்கும். சுழலும் தட்டு அப்படிச் சொன்னால் உடனே சந்தேகப்படலாம், சொல்லாவிட்டால் மட்டும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. கையில் உள்ள எஸ்எம்ஆர் டிஸ்க்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்கும் படத்தொகுப்புக்குத் தனி டிஸ்க்காகவோ, மாதம் ஒருமுறை செருகும் காப்புப் பிரதிக்கோ அது நன்றாகவே உழைக்கும். ரெய்டிலும் மெய்நிகர் கணினிகளின் சேமிப்பிலும் மட்டும் வைக்காதீர்கள்.

கேள்வி: ரெய்டு 1 (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவு) போட்டுவிட்டேன். தனியாகக் காப்புப் பிரதி தேவையா?

தேவை. ரெய்டு காப்புப் பிரதி ஆகாது. நீங்கள் அழித்த கோப்பை அது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழித்துத் தரும்.

கேள்வி: ஈசிசி (பிழையைத் தானே திருத்தும்) நினைவகம் இல்லாமல் இசட்எஃப்எஸ் போட்டால் தரவு மொத்தமும் அழிந்துவிடும் என்கிறார்களே?

பயமுறுத்தல். நினைவகப் பிழை எந்தக் கோப்பு முறையையும் பாதிக்கும். இசட்எஃப்எஸ்ஸுக்கு மட்டும் தனிச் சாபம் எதுவும் இல்லை. பலகையும் ப்ராசஸரும் இடம் கொடுத்தால் ஈசிசி போடுங்கள், நல்லதே; இல்லையென்பதற்காகத் திட்டத்தைக் கைவிட வேண்டாம். வாங்குகிறவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். டிடிஆர்5 வகை நினைவகத்தின் சில்லுக்குள் இருக்கும் பிழைதிருத்தம் சில்லுக்குள் நடப்பதை மட்டுமே திருத்தும், ப்ராசஸருக்கு வரும் வழியைக் காக்காது. அதை முழு ஈசிசி என்று எண்ணாதீர்கள். பழைய சர்வர்களிலிருந்து கழற்றி மலிவாக விற்கும் ரெஜிஸ்டர்ட் வகை நினைவகம் சாதாரண மதர்போர்டில் ஓடாது.

கேள்வி: ஒரு டிபிக்கு 1 ஜிபி நினைவகம் என்ற விதிப்படி 64 டிபிக்கு 64 ஜிபி போட வேண்டுமா?

வேண்டாம். பலர் ஒரே சமயத்தில் எழுதிப் படிக்கும் அலுவலகச் சேமிப்புக்காகச் சொல்லப்பட்ட கணக்கை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். படக்கோப்பு தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒருமுறை ஓடிப்போகிறது. அதை நினைவகத்தில் பிடித்துவைத்து ஆதாயம் ஏதுமில்லை. மெய்நிகர் கணினிகளுக்கு வேண்டியதைக் கூட்டி, அதற்குமேல் 8 ஜிபி விடுங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு 32 ஜிபி போதும். லினக்ஸில் இசட்எஃப்எஸ் கேஷ் நீண்ட காலமாக நினைவகத்தில் பாதிவரை எடுத்துக்கொள்ளும் வழக்கமுடையதாக இருந்தது, மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல் புதிய நிறுவல்களில் 10 விழுக்காட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். பழைய நிறுவலில் மெய்நிகர் கணினிகள் திடீரென்று நின்றுபோனால் முதலில் இந்த உச்சவரம்பைப் பாருங்கள்.

கேள்வி: 4கே படம் தொலைக்காட்சியில் தடங்கித் தடங்கி ஓடுகிறது. 2.5 கிகாபிட் சுவிட்சும் கார்டும் வாங்கினேன், மாற்றமில்லை. சர்வரை மாற்ற வேண்டுமா?

வாங்கிய பிறகு கேட்கிறீர்கள். சர்வரைத் தொடாதீர்கள், தொலைக்காட்சியின் பின்புறம் பாருங்கள். பெரும்பாலான ஸ்மார்ட் தொலைக்காட்சிகளின் கம்பி இணைப்பு 100 மெகாபிட் மட்டுமே. 4கே ப்ளூரே வட்டின் உச்ச வேகம் 128 மெகாபிட் வரை போகலாம். அதை அப்படியே நகலெடுத்த கோப்பு, மழையும் புகையும் நிறைந்த காட்சிகளில் அந்த 100ஐத் தாண்டும்போதெல்லாம் தடங்குகிறது. அதே தொலைக்காட்சியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைத்தால் பல சமயம் சரியாக ஓடிவிடும். அல்லது கிகாபிட் துறை உள்ள தனி ஸ்ட்ரீமிங் பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள். படம் பார்ப்பதற்கு மட்டும் 2.5 கிகாபிட் யாருக்கும் தேவையில்லை. சாதாரண கிகாபிட்டே இத்தகைய ஆறேழு ஓடைகளைத் தாங்கும்.

கேள்வி: கிராஃபிக்ஸ் கார்டை ஒரு மெய்நிகர் கணினிக்கு முழுதாக ஒப்படைக்க வேண்டும். எதைப் பார்த்து மதர்போர்டு வாங்குவது?

இன்டெல் ப்ராசஸரில் விடி-எக்ஸ் என்ற வசதி இருந்தால் மெய்நிகர் கணினி ஓடும். ஒப்படைப்பதற்கு விடி-டி வேண்டும், ஏஎம்டியில் ஏஎம்டி-வி-ஐ. விலை கூடினால் வசதியும் கூடும் என்று நினைக்காதீர்கள்: 2013இல் வந்த ஐ7-4770இல் விடி-டி உண்டு, அதைவிட விலை கூடிய 4770கே-யில் கிடையாது. அடுத்தது ஐஓஎம்எம்யு குழுக்கள், அதாவது சேர்த்தே ஒப்படைக்க வேண்டிய சாதனங்களின் தொகுதிகள். ஒரே குழுவில் இருக்கும் சாதனங்களைப் பிரித்துக் கொடுக்க இயலாது. சிப்செட் வழியாக இணையும் இரண்டாவது நீள ஸ்லாட், சில பலகைகளில் ஹார்ட் டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டா கட்டுப்படுத்தியோடு ஒரே குழுவில் சிக்கிக்கொண்டிருக்கும். அதே பலகையை வைத்திருக்கும் ஒருவரின் குழுப் பட்டியலைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். ஜெல்லிஃபினுக்காக மட்டும் கேட்கிறீர்கள் என்றால் இந்தப் பாடே வேண்டாம்; கன்டெய்னரில் ஓட்டினால் உள்ளமைந்த கிராஃபிக்ஸைப் பல கன்டெய்னர்கள் பகிர்ந்துகொள்ளலாம்.

கேள்வி: வெளிப்புறப் பெட்டியிலிருந்து பிரித்தெடுத்த ஹார்ட் டிஸ்க்கை உள்ளே மாட்டினால் சுழலவே இல்லை. செத்துவிட்டதா?

இல்லை. சாட்டா மின் இணைப்பின் மூன்றாவது ஊசியில் 3.3 வோல்ட் வந்தால் அணைந்திருக்கும்படி வடிவமைத்த டிஸ்க் அது. முதல் மூன்று ஊசிகளைக் கேப்டன் நாடாவால் (வெப்பம் தாங்கும் மின்காப்பு நாடா) மூடிவிட்டு மாட்டுங்கள். பழைய நான்கு ஊசி மின் முனையைச் சாட்டாவாக்கும் மோலெக்ஸ் மாற்றி ஒன்றை வைத்தும் தப்பிக்கலாம். ஆனால் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவு வகையை வாங்காதீர்கள், உள்ளே கம்பிகள் தொட்டுக்கொண்டு தீப்பிடித்ததுண்டு. கம்பிகளைத் தனித்தனியாகக் கவ்விப் பிடிக்கும் வகையே பாதுகாப்பானது. அந்த டிஸ்க்கின் மாடல் எண்ணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எஸ்எம்ஆர் ஆக இருக்கலாம்.

கேள்வி: பவர் சப்ளையை மட்டும் மாற்றுகிறேன். பழைய மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிள்கள் அப்படியே பொருந்துகின்றன, விட்டுவிடலாமா?

கூடாது. டிஸ்க் பக்க முனை எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றுதான். பவர் சப்ளை பக்க முனைக்குப் பொது விதி எதுவும் இல்லை. 5 வோல்ட் வர வேண்டிய ஊசியில் 12 வோல்ட் வந்தால் எல்லா டிஸ்க்குகளும் ஒரே நேரத்தில் எரியும். காப்புப் பிரதி எடுத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை.