பாலைவனத்துக்கு நடுவே, ரோட்டோரமாக நாலைந்து கட்டடங்கள் மட்டும் இருக்கும் ஊர்கள் எப்படி உருவாகின? ஏன் காலியாகின?

பொதுவாகச் சொல்வதைவிட நான் போய்ப் பார்த்த ஓர் ஊரை வைத்தே சொல்கிறேன். கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வரை போன பழைய ரூட் 66 நெடுஞ்சாலை மேல் இருக்கிறது ஆம்பாய். ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா பக்கமிருந்து லாஸ் வேகாஸுக்குக் குறுக்குவழியில் போகிறவர்கள் இதைக் கடந்திருப்பார்கள். ஒரு பெட்ரோல் பங்க், பூட்டிய மோட்டல், பூட்டிய பள்ளிக்கூடம், தபால் நிலையம், ஒரு தேவாலயம். அவ்வளவுதான் ஊர்.

அங்கே ஆறு கிடையாது, வயல் கிடையாது. நிலத்தடி நீரும் உப்பு. அப்புறம் எதற்கு மனிதர்கள் குடியேறினார்கள்? அந்த வழியாகப் போன வண்டிகளால் நிற்காமல் போக முடியவில்லை, அதனால்தான்.

முதலில் வந்தது ரயில். 1883-ல் அட்லாண்டிக் அண்ட் பசிபிக் ரயில்வே இந்தப் பாலைவனத்தில் தண்டவாளம் போட்டபோது, லூயிஸ் கிங்மன் என்ற பொறியாளர் நிலையங்களுக்கு ஆங்கில அகரவரிசையில் பெயர் வைத்துக்கொண்டே போனார். ஆம்பாய், பிரிஸ்டல், கேடிஸ், டான்பி என்று வரிசை நீளும். நீராவி எஞ்சின் நெடுந்தூரம் நிற்காமல் ஓடாது என்பதால் இப்படி அடுத்தடுத்து நிலையங்கள் தேவைப்பட்டன. ஆம்பாய்க்கான நல்ல தண்ணீர் மட்டும் ரயிலிலேயே வந்து இறங்கியது. பக்கத்தில் பிரிஸ்டல் என்ற வறண்ட ஏரி. அதில் நீளமாகப் பள்ளம் வெட்டி, உப்புநீரை வெயிலில் காயவிட்டு உப்பும் கால்சியம் குளோரைடும் எடுக்கிறார்கள். அந்த வேலை இன்றும் நடக்கிறது.

1926-ல் ரூட் 66 வந்தது. அந்தக் காலத்துக் கார்கள் பாலைவன வெயிலில் படாதபாடு பட்டன. ரேடியேட்டர் கொதிக்கும், டயர் வெடிக்கும், மேட்டில் எஞ்சின் மூச்சு வாங்கும். 1938-ல் ராய் க்ரோல் என்பவர் இங்கே பெட்ரோல் பங்கும் பழுதுபார்க்கும் இடமும் திறந்தார். அவருடைய மருமகன் பஸ்டர் பரிஸ் சேர்ந்த பிறகு காபி கடை, தங்கும் அறைகள் என்று தொழில் விரிந்தது. பார்ஸ்டோ நகரிலிருந்து சாலையோரமாகக் கம்பம் நட்டு, கம்பி இழுத்து ஊருக்கு மின்சாரம் கொண்டுவந்ததே பரிஸ்தான் என்று சொல்வார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜனங்கள் குடும்பத்தோடு காரில் ஊர் சுற்றத் தொடங்கியதும் காரேஜ் இரவு பகலாக ஓடியது. இன்று எல்லோரும் படம் பிடிக்கும் அந்த உயரமான ‘ராய்ஸ்’ பெயர்ப்பலகை 1959-ல் நிறுத்தப்பட்டது. இரவில் ரொம்ப தூரத்திலிருந்தே கண்ணில் பட வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்தது.

1973-ல் இன்டர்ஸ்டேட் 40 என்ற புதிய நெடுஞ்சாலை ஊரைத் தொடாமல் சில மைல் வடக்கே திறந்தது. வாகனங்கள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. ஊரின் வியாபாரம் சில வருடங்களில் தேய்ந்துபோகவில்லை, ஏறக்குறைய ஒரே நாளில் நின்றுபோனது. வேறு தொழில் இருந்த ஊர் என்றால் தாக்குப்பிடித்திருக்கும். ஆம்பாய்க்கு உப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. போதாததற்குக் கார்களும் தேறிவிட்டன. ஏசியைப் போட்டுக்கொண்டு முன்னூறு மைல் நிற்காமல் போகிறவருக்கு வழியில் ஒரு காரேஜ் எதற்கு?

என்னைக் கேட்டால், புறவழிச்சாலையை மட்டும் குற்றம் சொல்வது பாதி உண்மைதான். அந்தச் சாலை வராமலே இருந்திருந்தாலும், நல்ல கார்கள் வந்ததும் இந்த ஊர் மெல்லச் சுருங்கித்தான் இருக்கும்.

ஆனாலும் இதை ‘பேய் ஊர்’, அதாவது எல்லோரும் கைவிட்டுப் போன ஊர், என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2003-ல் ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் ஊரையே ஏலம் விட்டுப் பார்த்தார்கள், விலை படியவில்லை. 2005-ல் பரிஸின் மனைவியிடமிருந்து ஆல்பர்ட் ஒகூரா என்பவர் 4,25,000 டாலருக்கு வாங்கினார். ‘வான் போயோ’ என்ற கோழிக்கறி உணவகங்களைத் தொடங்கிய ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர் அவர். ஊரை இடிக்காமல் காப்பாற்றுவேன் என்று வாக்குக் கொடுத்து வாங்கினார், அதைக் காப்பாற்றவும் செய்தார். 2008-ல் பங்க் மறுபடி திறந்தது, 2019-ல் அந்த ‘ராய்ஸ்’ பலகையின் விளக்குகள் மீண்டும் எரிந்தன. 2023 ஜனவரியில் அவர் காலமானார். அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. லாபம் பார்க்கிற யாரும் அந்தக் காசை அங்கே கொட்டியிருக்க மாட்டார்கள். மோட்டல் அறைகளையும் திறக்க ஆசைப்பட்டார். அதற்கும் தண்ணீர்ப் பிரச்சினைதான் குறுக்கே நின்றது.

போக நினைத்தால் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். ஊருக்கு மேற்கே ஆம்பாய் க்ரேட்டர் என்ற எரிமலை வாய் இருக்கிறது. காலையிலேயே ஏறி இறங்கிவிடலாம், ஆனால் வழியில் நிழலே கிடையாது. குடிதண்ணீர் நிறையக் கொண்டுபோங்கள். பங்க்கில் விலை கூடுதல் என்பதால் பெட்ரோலைத் தெற்கே உள்ள ட்வென்டிநைன் பாம்ஸ் என்ற ஊரிலேயே நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் போட்டோ எடுத்த கையோடு கிளம்பிவிடாமல், கடைக்குள் போய் ஒரு சோடாவாவது வாங்குங்கள். அந்தப் பலகையின் மின்கட்டணம் அதிலிருந்துதான் வர வேண்டும்.