துருக்கி கம்பளத்துல இருக்கற டிசைனுக்கெல்லாம் நிஜமாவே அர்த்தம் இருக்கா? பழசு வாங்கும்போது அந்தக் கதைய நம்பலாமா?

பாதி நம்பலாம். மீதிய கடைக்காரர் குடுக்கற டீய குடிச்சிட்டே ரசிக்கலாம், தப்பில்ல.

துருக்கியோட ஆசியப் பக்கமான அனடோலியா கிராமங்கள்லயும் யோரூக் நாடோடிங்க கிட்டயும் தறில உக்காந்தது பெரும்பாலும் பொண்ணுங்கதான், அதனால அவங்க ஆசை, பயம் எல்லாம் டிசைன்ல வந்துச்சுன்னு சொல்றதுல நியாயம் இருக்கு. இடுப்புல ரெண்டு கையும் வெச்சு நிக்கற பொம்பள உருவம் எலிபெலிந்தே, அது தாய்மைக்கு. சுருண்ட கடாக்கொம்பு வீரத்துக்கு, ஆம்பளத்தனத்துக்கு. ஆடு மேய்க்கறவனுக்கு ஓநாய்தானே எமன், அதனால ஓநாய் வாய், ஓநாய் கால்தடம்னே தனி டிசைன் உண்டு, அத நெய்ஞ்சு வெச்சா ஓநாய் அண்டாதுன்னு நம்பிக்கை. தேள், கண், முக்கோணத் தாயத்து எல்லாம் இதே கணக்குதான். திருஷ்டி பத்தி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். எனக்குப் பிடிச்சது தோடு டிசைன், அத போட்டா எனக்குக் கல்யாணம் பண்ணி வைங்கன்னு பொண்ணு வீட்டுக்கு ஜாடையா சொல்றாளாம்.

ஆனா ஒரே கொக்கி உருவத்த ஒரு கடைல தேள்னும் அடுத்த கடைல டிராகன்னும் சொல்லுவாங்க. அம்மா போட்டா, பொண்ணும் போட்டா, பார்டர்ல இடம் நிறைஞ்சுது, அவ்ளோதான் விஷயமா கூட இருக்கலாம். யாராவது "இது 9000 வருஷத்து தாய் தெய்வம் சார்"னு ஆரம்பிச்சா அங்கயே உஷாராயிடுங்க. துருக்கில கொன்யா ஊர் பக்கத்துல சாட்டால்ஹோயுக்னு அந்த 9000 வருஷப் பழைய ஊர தோண்டின தொல்லியல் ஆராய்ச்சியாளர் ஜேம்ஸ் மெல்லார்ட், அங்க சுவர் ஓவியத்துல கிலிம் (முடிச்சு போடாம தட்டையா நெய்யற விரிப்பு) டிசைன் மாதிரியே இருந்துச்சுன்னு 1989ல படம் வரைஞ்சு வெளியிட்டாரு, அந்த ஓவியத்த வேற யாரும் பாத்ததில்ல, அவர் இறந்தப்புறம் 2018ல அவர் வீட்டுல அந்த மாதிரி ஓவியங்களுக்கு அவரே போட்டுப் பாத்த மாதிரி வரைபடங்க கிடைச்சுது. கதை கந்தலாயிடுச்சு.

அதனால முதல்ல கம்பளத்த கவுத்துப் போடுங்க. துருக்கி முடிச்சுல ஒரு நூல் ரெண்டு பாவு இழையையும் (தறில நீளவாக்குல கட்டற நூல்) சுத்திட்டு நடுவுல வெளிய வரும், பின்பக்கம் ஒவ்வொரு முடிச்சும் பக்கத்துபக்கத்துல ரெண்டு சின்ன மேடா தெரியும். குஞ்சம் அந்தப் பாவு இழையோட நுனியாவே இருக்கணும், தனியா தெச்சு ஒட்டியிருந்தா மெஷின் சரக்கா இருக்கும், இல்ல ரிப்பேர் பண்ணது. எங்க வீட்டு கம்பளத்துல சிவப்பு ஒரு கோட்டுக்கு மேல திடீர்னு செங்கல் கலருக்கு மாறிடும், பாக்கறவங்க சாயம் போச்சான்னு கேப்பாங்க. அதுக்குப் பேரு அப்ராஷ், கம்பளிய கொஞ்சம் கொஞ்சமா சாயம் தோய்ச்சதுனால வர்றது, எனக்கு அதுதான் அழகு.

வின்டேஜ்னா இயற்கை சாயம்னு நினைச்சுக்காதீங்க. 19ம் நூற்றாண்டு கடைசிலயே கெமிக்கல் சாயம் கிராமத்துக்குள்ள வந்தாச்சு. மஞ்சிட்டி வேர், அவுரின்னு பழைய முறைய திரும்பக் கொண்டு வரத்தான் 1981ல துருக்கில அய்வாஜிக் ஊர் பக்கம் தோபாக்னு ஒரு திட்டமே ஆரம்பிச்சாங்க. ஈர வெள்ளைத் துணிய தேச்சுப் பாருங்க, கலர் ஒட்டினா பேரத்த அங்கிருந்து ஆரம்பிங்க. வெளிச்சத்துக்கு எதிரா தூக்கிப் பிடிச்சா பூச்சி அரிச்ச எடமும் தெரிஞ்சிடும்.

வாங்கிட்டு வந்து சுருட்டி பரண்ல மட்டும் போடாதீங்க, இருட்டுல அந்துப்பூச்சிக்கு விருந்து. விரிச்சுப் போட்டு மேல நடங்க.