பென்சில் கோட்டை நிறுத்துங்கள்

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். மொழிப்பாடத்தில் பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்கும் பகுதியில், ‘ஆசிரியர் ஏன் இப்படிச் சொல்கிறார்’, ‘உன் கருத்து என்ன’ போன்றவற்றை நன்றாக எழுதிவிடுகிறாள். விடை பத்தியிலேயே இருக்கும் நேரடிக் கேள்விகளில்தான் மதிப்பெண் போகிறது. வீட்டுப் பயிற்சியில் எல்லாம் சரியாக வருகிறது. நேரம் மிச்சமாகட்டும் என்று முந்தின இரவே நான் பத்தியைப் படித்து, விடை இருக்கும் வரிகளுக்குப் பென்சிலால் கோடு போட்டு வைத்துவிடுவேன். காலையில் மளமளவென்று முடித்துவிடுவாள். தேர்வில் மட்டும் ஏன் இந்தக் கவனக்குறைவு?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் மகள் மீது கவனக்குறைவு என்ற பழியைப் போடாதீர்கள் அம்மா. வீட்டில் அந்தக் கேள்விகளுக்கு விடை கண்டுபிடிப்பது நீங்கள். அவள் கோடு போட்ட வரியைப் பார்த்து எழுதுகிறாள், அவ்வளவுதான். நேரடிக் கேள்வியில் இருக்கும் வேலையே தேடுவதுதான். அதை ராத்திரியே நீங்கள் முடித்துவிட்டால் காலையில் அவளுக்கு என்ன மிச்சம்?

கருத்துக் கேள்விக்கு எந்த வரியில் கோடு போடுவீர்கள்? போட முடியாது. அதனால் அதை அவளே யோசிக்க வேண்டியிருந்தது; யோசித்தாள், தேறிவிட்டாள். நீங்கள் கை வைக்க முடியாத இடத்தில் அவள் நன்றாக எழுதுகிறாள் என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது.

விடை கண்ணெதிரே இருக்கிறதே, இதில் என்ன கஷ்டம் என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். பல நாடுகளில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பை 2001 முதல் அளந்துவரும் பிர்ல்ஸ் ஆய்வு, வெளிப்படையாகச் சொல்லப்பட்டதைக் கண்டெடுப்பதைத் தனித் திறனாகவே வைத்து, தேர்வில் அதற்கு 20 சதவீதம் ஒதுக்குகிறது. ஆங்கிலத் திறனைச் சோதிக்க பெரியவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் வாசிப்புப் பகுதியில் 60 நிமிடத்தில் 40 கேள்விகள். அதில் பத்தி மறுத்துச் சொல்வது ஒன்று, பத்தி பேசாமலே விட்டது வேறொன்று என்று பிரித்தறியத் தெரியாமல் படித்தவர்களே தடுமாறுகிறார்கள்.

ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்: ‘கூட்டுக்குத் திரும்பும் தேனீ, பூக்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதை நடனத்தின் கோணத்தாலும், எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதை வயிற்றை ஆட்டியபடி ஓடும் நேரத்தாலும் மற்றத் தேனீக்களுக்குத் தெரிவிக்கிறது.’ கேள்வி: ‘உணவு இருக்கும் தொலைவைத் தேனீ எதன் மூலம் உணர்த்துகிறது?’ வாக்கியத்தில் ‘தொலைவு’ இல்லை, ‘உணவு’ இல்லை. ‘எவ்வளவு தள்ளி’ என்பதுதான் தொலைவு என்று பிள்ளைக்குப் பட வேண்டும். படாவிட்டால் கண்ணில் முதலில் தட்டுப்படும் ‘நடனத்தின் கோணம்’ என்பதை எழுதிவிட்டு வருவாள். அதுவும் பத்தியில் இருக்கும் சொல்தான். ஆனால் திசைக்கான விடை அது. கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பத்தியின் சொற்களையே தவறான விடையிலும் வைப்பார்கள். நீங்கள் கோடு போட்டுக் கொடுத்த பிள்ளை இந்தத் தடுமாற்றத்தை வீட்டில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. முதல்முதலாகத் தேர்வு அறையில் பார்க்கிறாள்.

‘நேரம் மிச்சமாகட்டும்’ என்கிறீர்கள். மிச்சமான நேரத்தில் அவள் என்ன செய்தாள் என்று எழுதவில்லையே? கோடு போட்டால் தப்பு வராது, தப்பு வராவிட்டால் உங்களுக்கு நிம்மதி. அந்த நிம்மதிக்கு அவள் தேர்வு அறையில் விலை கொடுக்கிறாள். பிள்ளை தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது பெற்றவளுக்குக் கஷ்டம்தான். ஆனாலும் அதுதான் உங்கள் கடமை. படிப்பது அவள் கடமை. ஒருவர் கடமையை இன்னொருவர் தூக்கிக்கொள்வதைப் பாசம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, இனி என்ன செய்வது? பத்தியை அவளே ஒருமுறை முழுதாகப் படிக்கட்டும். பிறகு கேள்வியைப் படித்து, என்ன வகை விடை வேண்டும் என்று அவள் வாயால் சொல்லட்டும்: ஆளா, இடமா, ஆண்டா, காரணமா? ஆண்டு என்றால் எண்கள் மேல் கண்ணை ஓட்டினால் போதும். காரணம் என்றால் ‘ஏனெனில்’, ‘அதனால்’ வரும் இடங்களில் நிற்க வேண்டும். வரி கிடைத்ததும் முன்னும் பின்னும் ஒரு வாக்கியம் படிக்க வேண்டும். ‘இது’, ‘அவர்கள்’ என்று தொடங்கும் வரியில் யாரைச் சொல்கிறார்கள் என்பது முந்தின வரியில்தான் இருக்கும். ‘தவிர’, ‘அல்லாதது’ என்று கேள்வியில் வந்தால் அதை வட்டமிடச் சொல்லுங்கள். அவசரத்தில் கண் தாண்டிப்போகும் சொற்கள் அவை.

கோடு இனி அவள் போடட்டும், விடை எழுதுவதற்கு முன்னால். விடை தப்பாக இருந்தால் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: “எந்த வரியில் பார்த்தாய், காட்டு.” காட்டும்போதே பாதி தப்பு அவளுக்கே தெரிந்துவிடும். அப்போதும் தெரியாவிட்டால் கேள்வியை இன்னொரு தரம் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவள் அப்பாவையும் சொல்ல விடாதீர்கள்.

கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பயிற்சியிலும் மதிப்பெண் இறங்கும். அதற்காக அவளைத் திட்டினால் என் கோபம் உங்கள் மேல்தான்.