மகேனிக்கு வேலைக்கு வரும் தம்பிக்கு

சியரா லியோன்ல மகேனி ஊர்ப் பக்கம் ஒரு நெல் பண்ணையில வேலை கிடைச்சிருக்கு, இங்கத்த அரசு விவசாயத்தைத்தான் முதல்ல வச்சிருக்கு, அதனால வேலை நிலைக்குமா, வாடகை எவ்வளவு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எப்படின்னு கேட்டிருக்கீங்க தம்பி. வாடகையும் பள்ளிக்கூடமும் வந்து பார்த்துக்கலாம்.

ஜனாதிபதி மாடா பியோ 2023 தேர்தல்ல சொன்ன அஞ்சு முன்னுரிமைகள்ல முதலாவது சோறுதான். அந்த அக்டோபர்ல 'ஃபீட் சலோன்', அதாவது சியரா லியோனுக்குச் சோறு போடற திட்டம், தொடங்கினாங்க. 2024-2030 வளர்ச்சித் திட்டத்துக்கும் அதுதான் தலை. மனிதவளம், இளைஞர் வேலை எல்லாம் அதுக்கு அப்புறம். காரணம் இருக்கு. என்னதான் தின்னாலும் சோறு இறங்கலேன்னா இந்த ஊர்க்காரருக்கு அன்னிக்குச் சாப்பிட்ட கணக்கே இல்லை. அந்த அரிசியில நிறைய கப்பல்லதான் வருது. 2023 ஜூலையில இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தி, அடுத்த மாசம் புழுங்கலுக்கு 20 சதவீத வரியும் போட்டுச்சு. சந்தையில அரிசி விக்கிற அம்மா என்கிட்டதான் சண்டைக்கு வந்தாங்க, நானே டெல்லியில உக்காந்து கையெழுத்துப் போட்ட மாதிரி!

திட்டம் இருக்குங்கறதுக்காக உங்க வேலை உறுதின்னு நினைக்காதீங்க. நிலம் யாரோடதுன்னு முதல்ல கேளுங்க. மாகாணங்கள்ல நிலம் குடும்பங்களோடது. வெளிநாட்டாருக்குக் குத்தகை மட்டும்தான். 2022ல வந்த நிலச் சட்டப்படி குடும்பத்துப் பெண்களோட சம்மதமும் வேணும். "சீஃப் கையெழுத்து இருக்கு"ன்னு, அதாவது ஊர்த் தலைவர் கையெழுத்து இருக்குன்னு, முதலாளி சொன்னா, குடும்பத்தார் கையெழுத்து எங்கேன்னு கேளுங்க. ஊர் மனசு கசந்த பண்ணையில எந்த அரசுத் திட்டமும் உங்களைக் காப்பாத்தாது.

அடுத்து, டிராக்டர் எத்தனைன்னு கேக்காதீங்க, உதிரிபாகம் எங்கேருந்து வரும்னு கேளுங்க. என் முதல் கம்பெனியில புது டிராக்டர் ஒரு சாமானுக்காக உழவுக் காலம் முழுக்கக் கொட்டகையில நின்னுச்சு. காயப்போடக் களம், அரவை மில், லாரி வர்ற பாதை, இது மூணும் இல்லாம விளைஞ்சு என்ன புண்ணியம்? மகேனியைச் சுத்தி இருக்கிறது போலிலாண்ட், மழையில தண்ணி தேங்கற புல்வெளி. ஆகஸ்ட்ல போய்ப் பார்க்காம அங்க வரப்பு போடவே கூடாது.

தலைநகர் ஃப்ரீடவுன்ல காம்பவுண்டை விட்டு வெளிய வராத நம்மாளுங்க சிலர், "இந்த ஊர்க்காரங்க சோம்பேறிங்க"ன்னு சொல்வாங்க. காதுல வாங்காதீங்க. முழங்கால் சேத்துல, முதுகுல குழந்தையைக் கட்டிக்கிட்டு நாத்து நடற பொம்பளைங்களை அவங்க பார்த்ததே கிடையாது.

நான் லுங்கி விமான நிலையத்துல இறங்கினது ஒரு ஜூலை மாசம். கொட்டற மழையில படகேறித்தான் ஃப்ரீடவுனுக்கு வந்தேன். பழைய நெல் தீர்ந்து புதுசு வராத பஞ்ச மாசம் அது. என்னைத் தங்க வச்ச குடும்பம் ஒரு தாம்பாளச் சோறும் மரவள்ளி இலைக் குழம்பும் நடுவுல வச்சு எனக்கும் கரண்டி கொடுத்தாங்க. பனை எண்ணெய் வாடை குடலைப் புரட்டுச்சு. இப்ப ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல அதேதான், சுட்ட மீனும் மிளகாயும் கூடப் போட்டு. பிள்ளைங்க சாம்பார் வச்சா மூஞ்சியைச் சுளிக்குதுங்க.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டையைக் கைப்பையிலயே வச்சுக்கோங்க, பெட்டியில போட்டுடாதீங்க.