பல்ஸ் பிடித்துப் பார்ப்பவருக்கு

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 36. தேனி மாவட்டம் கூடலூர். ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். போன புரட்டாசியில் ஒருநாள் விடியற்காலை, லோயர் கேம்ப் தாண்டியதும் நெஞ்சை அழுத்தித் தாடை வரைக்கும் வலி. வாயு என்றுதான் நினைத்தேன். வண்டியில் இருந்த அம்மாக்கள் என் சட்டை நனைந்திருப்பதைப் பார்த்து நிறுத்த வைத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 14 மாத்திரை கொடுத்து விழுங்கச் சொல்லி மதுரைக்கு அனுப்பினார்கள். ஸ்டென்ட் வைத்தாயிற்று. பம்பிங் நன்றாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர்.

ஆனால் ராத்திரி தூங்க முடியவில்லை. விரலில் மாட்டும் மிஷினில் பல்ஸ் 56 என்று காட்டினால் நின்றுவிடுமோ என்று இருக்கிறது. மூன்று வயது மகளைத் தூக்க மனைவி விடுவதில்லை. அம்மா ஏழரைச் சனி என்கிறார். கூட்டாளி கொரோனா ஊசிதான் காரணம் என்கிறான். ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூண்டு இஞ்சிச் சாறு குடிக்கிறேன். சித்ரா பௌர்ணமிக்குப் பளியன்குடி வழியாக நடந்தே கண்ணகி கோயிலுக்கு வருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். ஏறலாமா?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

வருகிற கடிதங்களுக்கெல்லாம் நான் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதத்தில் பல்ஸ் பற்றிய வரியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்ச நாளாக என் சித்தப்பாவின் நினைப்பாகவே இருந்தேன். அவரிடம் பிறகு வருகிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். எந்த மாத்திரையை நிறுத்தினீர்கள்? பெயரைக்கூட எழுதவில்லை. ஸ்டென்ட் என்பது உலோக வலை. அதில் ரத்தம் உறையாமல் இருக்கத்தான் ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையும் சேர்த்து, பொதுவாக ஒரு வருஷம் கொடுக்கிறார்கள். உங்களுக்கு ஆறு மாதம்தான் ஆகிறது. நிறுத்தியது அதுவாக இருந்தால், அந்த வலைக்குள்ளேயே ரத்தம் கட்டி மறுபடி அட்டாக் வரலாம். பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, தேன் எல்லாம் சேர்த்துக் காய்ச்சினால் அடைப்பு கரையும் என்று வாட்ஸப்பில் அனுப்பியவர் உங்கள் மகளுக்குச் சோறு போட வரமாட்டார். ரசத்தில் பூண்டு தட்டிப் போடுங்கள், யார் வேண்டாமென்றது? மாத்திரைக்குப் பதிலாகக் குடிக்காதீர்கள். இதைப் படித்து முடித்த கையோடு டாக்டருக்குப் போன் போட்டு, எத்தனை நாளாக நிறுத்தியிருக்கிறீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

சனியை அம்மாவிடமே விட்டுவிடுங்கள். எள் விளக்கு ஏற்றினால் அவருக்கு ஓர் ஆறுதல். ஊசி விஷயம், 18 முதல் 45 வயதுக்காரர்களின் திடீர் மரணங்களை ஆராய்ந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், ஊசியால் அந்த ஆபத்து கூடவில்லை என்று 2023-லேயே சொல்லிவிட்டது. பீடி சிகரெட் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எனக்கு அதுதான் கண்ணில் பட்டது.

அந்த 56. அட்டாக் வந்தவர்களுக்குத் தரும் மாத்திரைகளில் மெட்டோப்ரலால் மாதிரி ஒன்று அநேகமாக இருக்கும். அது துடிப்பைக் குறைப்பதற்காகவே தருவது. தூக்கத்தில் துடிப்பு இன்னும் இறங்கும். தலைசுற்றலோ மயக்கமோ இருந்தால் உடனே சொல்ல வேண்டும். ஒன்றும் இல்லாதபோது ராத்திரி முழுக்க மாட்டிப் பார்த்துக்கொண்டிருக்க அந்த மிஷின் எதற்கு?

என் சித்தப்பா குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதினார். 1983-ல் அவருக்கு அட்டாக் வந்தபோது வயது 39. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே பாட்டி முன்கட்டில் நார்க்கட்டிலைப் போட்டாள். சைக்கிளை விற்றார்கள். உப்பில்லாத கஞ்சி. தண்ணீர் குடிக்க அவர் எழுந்தால்கூட நாலு பேர் ஓடுவோம். எல்லாம் பாசம்தான். கொஞ்ச நாள் கணக்கு நோட்டு வீட்டுக்கு வந்தது, அப்புறம் அதுவும் நின்றது.

ராத்திரியில் சுவர்க் கடிகாரத்துக்கு நேராக உட்கார்ந்துகொள்வார். இடது மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, உதடு அசைய எண்ணுவார். ஒரு நிமிஷம் ஆனதும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுவார். திரும்பவும் எண்ணுவார். நான் எழுந்து வந்தால் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொள்வார். பயமாக இருக்கிறது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று மட்டும் கேட்டோம். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். குமுளிக் கடைத்தெருவை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. கடைசியில் சர்க்கரையில்தான் போனார்.

அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது என்று சமாதானம் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருந்த வழக்கத்தை எதிர்த்து, பாஸ்டனில் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லௌனும் நோயாளிகளை எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதைப் பற்றி 1952-ல் எழுதிவிட்டார்கள். 1955-ல் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு அட்டாக் வந்தபோது, டாக்டர் பால் டட்லி வைட் அவரைப் படிப்படியாக எழுந்து நடக்கவும் வேலைக்குத் திரும்பவும் வைத்தார். அடுத்த வருஷமே தேர்தலில் நின்று ஜெயித்தார். அவருக்கு அட்டாக் வந்தது 64 வயதில். என் சித்தப்பா 39 வயதில் கட்டிலோடு கிடந்தார்.

இப்போது ஸ்டென்ட் இருக்கிறது. 1977-ல் சூரிச்சில் முதன்முதலாக பலூன் விட்டு இதயக் குழாய் அடைப்பைத் திறந்த நோயாளிக்கு 38 வயது. அவர் பல வருஷம் நன்றாக இருந்தார். ஆனால் குழாயைத் திறப்பது பாதி வேலைதான் தம்பி. மறு பாதிக்கு கார்டியாக் ரிஹேப் என்று பெயர். ஆறு நிமிஷம் நடக்க விட்டோ டிரெட்மில்லில் ஏற்றியோ உங்கள் சக்தியை அளந்து, பிரஷரும் பல்ஸும் பார்த்துக்கொண்டே, வாரா வாரம் நடையைக் கூட்டுவார்கள். சாப்பாடு, சிகரெட், தூக்கம், பயம் எல்லாம் அதில் பேசப்படும். நம் பக்கத்தில் எத்தனை பேருக்கு இது கிடைக்கிறது? "கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லி அனுப்புகிறோம். வீடு அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு முப்பத்தாறு வயது மனிதனை உட்கார வைத்துவிடுகிறது. உங்கள் டாக்டரிடம் ரிஹேப் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். இல்லையென்றால், தினம் எவ்வளவு நடக்கலாம் என்று எழுதி வாங்குங்கள். மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம் போதும். நெஞ்சு அழுத்தினால் நின்றுவிட வேண்டும். விடவில்லையென்றால் 108. மறுபடி வாயு என்று நினைக்காதீர்கள்.

கோயில் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பளியன்குடிப் பாதை ஆறு கிலோமீட்டருக்கு மேல், காட்டு ஏற்றம். டிரெட்மில் பார்த்து டாக்டர் சரி என்றால் ஏறுங்கள். இல்லையென்றால் குமுளியிலிருந்து ஜீப்பில் போங்கள். ஜீப் ஓட்டுவதையும் அவரிடமே கேளுங்கள். அதில் உங்கள் உயிர் மட்டும் இல்லை.

பயத்துக்கு வருகிறேன். அட்டாக் வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது கோழைத்தனம் இல்லை. அப்படி வந்தவர்கள் தேறுவது சிரமமாகிறது என்பதால், அதையும் ஓர் ஆபத்துக் காரணியாக எடுத்துக்கொள்ளச் சொல்லி அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் 2014-ல் பரிந்துரைத்தது. கேரளத்துக் கொட்டாரக்கரையில் பிறந்த டாக்டர் சலீம் யூசுப் 52 நாடுகளில் நடத்தி 2004-ல் வெளியிட்ட ஆய்வில், மாரடைப்புக்கு முக்கியமான ஒன்பது காரணங்களில் மன அழுத்தமும் ஒன்று. "பயப்பட ஒன்றுமில்லை" என்று டாக்டர் சொன்னது உங்கள் இதயத்தைப் பற்றி. நீங்கள் பயப்படுகிறீர்களா என்று அவர் கேட்கவில்லை. நீங்களாகச் சொல்லுங்கள்: தூக்கமில்லை, தனியாக இருக்க முடியவில்லை, செத்துவிடுவேன் என்று தோன்றுகிறது. அதற்கும் சிகிச்சை இருக்கிறது. நடுராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416-க்கு அடியுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழில் பேசலாம்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றையும் நானே சொல்கிறேன். மனைவியோடு சேர்ந்திருக்கப் பயந்து இருவரும் தள்ளித் தள்ளிப் படுக்கிறீர்களோ என்னவோ. மூச்சு வாங்காமல், நெஞ்சு வலிக்காமல் இரண்டு மாடி ஏற முடிகிறவருக்குப் பொதுவாகத் தடை இல்லை. கூச்சப்படாமல் கேளுங்கள். ஆனால் நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் கொடுத்திருந்தால், வயாகரா வகை மாத்திரை எதையும் தொடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்து.

உங்கள் மனைவி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அன்று காலையில் வேலைக்கு அனுப்பிய புருஷனை மதுரையில் போய்ப் பார்த்தவர் அவர். அவருக்கும் யாரும் எதையும் விளக்கியிருக்க மாட்டார்கள். அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போங்கள். மகளை எப்போது தூக்கலாம் என்று அவரே கேட்கட்டும். நீங்கள் வந்து சொன்னால் நம்பமாட்டார்.